கோச்சிடம் நான் போய்க் கேட்டது

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இப்போதும் என் கை தானாகப் போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. பலெர்மோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நான் வாசல் காவலன். இங்கே போர்த்தியேரே என்பார்கள். தெருவைப் பார்த்த கண்ணாடி அறைக்குள் இருந்து கடிதங்களைப் பிரித்து வைப்பது, மாடிப்படி கழுவுவது, லிப்ட் நின்றுபோனால் ஆள் கூப்பிடுவது என் வேலை. பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி இருப்பதால் ஒரு நாளைக்கு எத்தனையோ ஆம்புலன்ஸ் போகும். பத்தொன்பது வருடம் அவை என் காதில் விழுந்ததே இல்லை. இந்த வருடம்தான் விழத் தொடங்கின.

என் மகள் அமெரிக்கன் புட்போல் பயிற்றுநர். இதைச் சொன்னால் இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் காலால் உதைக்கிற பந்து என்று நினைப்பார்கள். மீதிப் பேர் ரக்பி என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்துக்குப் பதினொரு பேர். தலையில் கவசம், தோளில் கவசம். பந்து வைத்திருக்கிற பக்கம் நாலு தடவைக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். மற்றப் பக்கம் அதை விடக்கூடாது. விடாமல் மறிக்கிற அந்தப் பதினொரு பேருக்குத்தான் என் மகள் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் பந்து கிளம்புவதற்கு முன் அவள் கோட்டுக்கு வெளியே நின்று சைகை காட்டுவாள். தோளைத் தொடுவாள், முழங்கையைத் தட்டுவாள், விரல்களை விரிப்பாள். நடுவில் நிற்கிறவன் அதைப் பார்த்து மற்றவர்களுக்குக் கத்துவான். யார் பாய்வது, யார் பின்னால் நின்று காப்பது எல்லாம் அந்தச் சைகைக்குள் இருக்கிறது. பிறகு ஆறேழு செக்கன் ஓட்டமும் மோதலும். பிறகு மறுபடி சைகை.

அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது. பதினான்கு வயதில் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர், இடுப்பில் நாடா கட்டி விளையாடும் பெண்கள் ஆட்டத்தில் அவளைச் சேர்த்துவிட்டார். பிடித்து விழுத்தத் தேவையில்லை, நாடாவைப் பிடுங்கினால் போதும் என்றபடியால் நாங்களும் விட்டோம். பத்தொன்பதில் முழங்கால் நார் அறுந்தது. ஒப்பரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு வந்தவள் இனி விட்டுவிடுவாள் என்று நானும் மனைவியும் நினைத்தோம். அதற்காக மனைவி பிள்ளையாருக்கும் இந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் சேர்த்தே நேர்த்தி வைத்திருந்தாள். இருவரும் காலைத்தான் சுகப்படுத்தினார்கள்.

கால் சுகமானதும் ஆண்கள் அணிக்கு வீடியோ எடுக்கப் போனாள். ஏணியில் ஏறி நின்று முழு ஆட்டத்தையும் எடுப்பாள். ஒரு வருடம் அது. பிறகு எடுத்ததை வெட்டி, எதிரணி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக் கொடுத்தாள். பிறகு இரண்டாவது வரிசைப் பொடியன்களைப் பழக்கினாள். இரண்டு வருடத்துக்கு முன், தலைமைக் கோச் முழுத் தடுப்பாட்டத்தையும் அவளிடம் கொடுத்தார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. மகளுக்குச் சம்பளம் காலையில் போகிற ஜிம்மில்தான். ஆனாலும் அவள் தன் வேலை எது என்று கேட்டால் ஜிம்மைச் சொல்லமாட்டாள்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சாப்பாட்டு மேசை லப்டொப்பில் எதிரணியின் பழைய ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள், சிஞ்ஞோரா என்கிற எசமானியம்மா வீட்டில் வேலை முடித்து வந்த மனைவி எதிரே இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இவை பந்தை எறியப் போகினமோ, கொண்டு ஓடப் போகினமோ எண்டு முதலே தெரிஞ்சா எனக்குக் காணும்," என்றாள் மகள், தனக்குத்தானே.

மனைவி கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "உந்தக் கரையிலை குனிஞ்சிருக்கிறவனை நிப்பாட்டிக் காட்டு. அவன் கையை ஊண்டேல்லை."

"ஊண்டித்தானே இருக்கிறான்."

"தொட்டுக்கொண்டு இருக்கிறான். ஊண்டினா விரல் மொளி வெளிறும். இருபது வருசமா சிஞ்ஞோரா வீட்டு நிலத்தை முட்டுக்கால்லை நிண்டு துடைக்கிறன், எனக்குத் தெரியாதோ? அவன் முன்னாலை பாயமாட்டான். பின்னாலைதான் எழும்பப் போறான்."

மகள் ஓடவிட்டாள். அவன் பின்னால் எழும்பினான், பந்து எறியப்பட்டது. இன்னொன்று. இன்னொன்று. எறிகிற நேரம் எல்லாம் அவன் விரல் நிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. மகள் இத்தாலியனில் ஏதோ கத்திக்கொண்டு எழும்பித் தாயின் தலையைப் பிடித்துக் கொஞ்சினாள்.

"அம்மா, இண்டையிலை இருந்து நீங்கள் என்ரை அசிஸ்டன்ற்."

"சம்பளம்?"

"எனக்கே இல்லை."

"அப்ப கீரையை ஆயும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிரணிக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. நான் பார்வையாளர் மேடையில் இருந்து பார்த்தேன். என் பிள்ளை தோளைத் தொட்டால் பதினொரு ஆம்பிளைகள் இடம் மாறி நிற்கிறார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. ஏனோ பயமாகவும் இருந்தது. இரண்டையும் நான் வெளியில் காட்டவில்லை.

இந்த வருடம், நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திய மண்டரின் தோடை பழுக்கிற காலத்தில், அது நடந்தது. சொந்த மைதானத்து ஆட்டம். பிரான்காச்சோவுக்கு அங்கால் உள்ள மைதானம். ஆட்டத்தின் கடைசிக் கால்வாசி. மகள் இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்து எடுத்தாள். அந்தச் சைகை எனக்கும் தெரியும்: பின்வரிசையில் காவல் நிற்கிறவனும் காவலை விட்டுவிட்டுப் பாய வேண்டும். பின்வரிசைப் பொடியன் பாய்ந்தான். இருபத்திரண்டு வயது, கார் திருத்துகிற பட்டறையில் வேலை. குனிந்த தலையோடு போய் மோதினான். பந்து எங்கோ பறந்தது. எங்கள் ஆள் ஒருவன் அதைப் பிடித்தான். எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள். பாய்ந்தவன் எழும்பவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் புல்லுக்கு மேலால் வந்தது. கழுத்துக்குப் பட்டி போட்டார்கள். மகள் முழங்காலில் இருந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் சிசிலியனில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ஒரு பெட்டை கையை ஆட்டுறாள், எங்கடை பிள்ளையள் போய்ச் சாகுதுகள்." நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் என் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

பொடியனுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மூளை அதிர்ச்சி, கழுத்துச் சதைப் பிடிப்பு. இரண்டு நாளில் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். மகள் போய்ப் பார்த்தபோது, "கோச், பந்து கிடைச்சதா?" என்று கேட்டானாம். அவள் சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் எழும்பாமல் போயிருந்தால் என்ற இடத்திலேயே என் மனம் நின்றது. அவனுடைய தாய் தகப்பன் யாரைத் தேடி வருவார்கள்? பொலிஸ் யாரை விசாரிக்கும்? இங்கே பிறந்தவள்தான். ஆனால் ஒரு பிரச்சினை என்று வந்தால் அவள் பெயரை எப்படி உச்சரிப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்கக் கடிதங்களை மாறி மாறிப் பெட்டிகளில் போட்டேன். மூன்றாம் மாடி வக்கீலம்மா வந்து, "உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் தலைமைக் கோச்சைப் பார்க்கப் போனேன். பிள்ளைக்காக ஒருவரைப் பார்க்கப் போகும்போது எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு போவதில்லை. பலெர்மோக்காரரும் போவதில்லை. சியாகுல்லியில் பழம் பிடுங்குகிற எங்கள் ஆள் ஒருவரிடம் சொல்லி ஒரு பெட்டி மண்டரின் எடுப்பித்தேன். பச்சை இலை ஒட்டியபடி. மருந்துக்கடையின் பின்பக்க அறையில் அவர் பெட்டியை வாங்கி வைத்து, கதவைச் சாத்தி, எனக்குக் கதிரை போட்டார். அவருக்கும் என் வயதுதான்.

என்ன சொன்னேன் என்று ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு ஒரே பிள்ளை என்று சொன்னேன். ஆபத்தான முடிவுகளை நீங்கள் எடுங்கள், அவள் கூட நின்று உதவி செய்யட்டும், ஒன்று நடந்தால் பழி அவள்மேல் வராமல் பாருங்கள் என்று சொன்னேன். நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, "புரிகிறது சிஞ்ஞோரே, அமைதியாக இருங்கள்," என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரிந்தது. வினையே அதுதான். வேறொரு ஊர்க்காரராக இருந்தால் இதைக் கேட்க நீ யார் என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போன மகள் நேரத்தோடு திரும்பி வந்தாள்.

"இனி அவர்தான் டிபென்ஸைக் கூப்பிடுவாராம். நான் மேலை போய்க் கமரா."

"ஏனாம்?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லேல்லை. இப்போதைக்கு இது நல்லம் எண்டார்." செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். "நான் பிழை விட்டிட்டன் அம்மா. அவர் அதைக் கண்டிட்டார். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதெண்டு சொல்லேல்லை."

நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் இல்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமையும் அவள் அந்த ஒரு பாய்ச்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில், குளியலறைக்குள்ளும். நிறுத்துவாள், பின்னுக்கு விடுவாள், ஒவ்வொரு படமாக நகர்த்துவாள். அவன் எங்கே தலையைக் குனிந்தான், தான் எந்தப் பயிற்சியில் அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று பழைய வீடியோக்களையும் தோண்டினாள். சோறு காய்ந்துபோகும். மனைவி என்னைப் பார்ப்பாள்: "இஞ்சேருங்கோ, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்." நான் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அவள் என்னோடு கதைக்கமாட்டாள். சொல்லாவிட்டால் இப்படியே கிடப்பாள். என் மனதின் ஒரு மூலையில் இன்னொன்றும் இருந்தது: இப்படியே கிடந்து, களைத்து, விட்டுவிட்டால் நல்லதுதானே.

விடத்தான் போனாள். ஒரு வியாழக்கிழமை, மேல்நிலைப் பயிற்றுநர் சான்றிதழுக்குப் பதிந்திருந்த வகுப்பை ரத்துச் செய்துவிட்டதாகச் சொன்னாள். ஆட்ட நேரத்தில் போடும் ஹெட்செட்டையும் குறிப்புகள் எழுதிய கோப்பையும் பைக்குள் வைத்தாள்.

"எங்கை போறாய்?"

"திருப்பிக் குடுத்திட்டு வாறன்."

"நானும் வாறன்."

"ஏன், பாரமே இது?" என்று கேட்டாலும் மறுக்கவில்லை.

பிரான்காச்சோ பஸ்ஸில் பிற்பகல் கூட்டம். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ரயில் நிலையம் தாண்டியதும் நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, வளைத்தால் முடிக்கமாட்டேன் என்று தெரியும்.

"நீ பிழை விடேல்லைப் பிள்ளை. நான்தான் போய்க் கேட்டனான்."

"என்னத்தை?"

"கோச்சட்டை. உன்னை விலத்தி வைக்கச் சொல்லி."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு முகம் மாறியது. நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை.

"எப்ப?"

"அண்டு வெள்ளிக்கிழமை."

"என்ன கொண்டு போனியள்?"

நான் கம்பியில் கையை மாற்றிப் பிடித்தேன்.

"சொல்லுங்கோ அப்பா, என்ன கொண்டு போனியள்?"

"ஒரு பெட்டி மண்டரின்."

பக்கத்தில் நின்ற கிழவி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மகள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டு கிழமை. அந்தப் பிள்ளையைக் கொல்லப் பாத்தனான் எண்டு ரெண்டு கிழமை நினைச்சனான். நீங்கள் எனக்கு முன்னாலை இருந்து சோறு திண்டனியள்."

அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டாள். கதவு மூடிவிட்டது. நான் அதற்கடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தேன், அவளைக் காணவில்லை. மைதானத்துக்குத்தான் போயிருப்பாள் என்று, பட்டறைகளுக்கு நடுவால் முக்கால் மணித்தியாலம் நடந்தேன்.

நான் போனபோது அவள் கோட்டருகில் கோச்சுக்கு முன்னால் நின்றாள். பொடியன்கள் தூரத்தில் கால் நீட்டிப் பயிற்சி செய்துகொண்டு, கேட்காதவர்கள் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோச் என்னைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

"உன் அப்பா ஒரு தகப்பனாக வந்து கேட்டார்," என்றார். "எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நானும் இதைத்தான் செய்திருப்பேன்."

"விழுந்து கிடந்தவனுக்கும் அப்பா இருக்கிறார்," என்றாள் அவள். "அவர் பெட்டியோடு வந்தால் அவனையும் கமராவோடு மேலே அனுப்புவீர்களா? இவர்கள் எல்லாருடைய அப்பாக்களும் வந்தால்?"

 நான் இடையில் புகுந்து, என் உடைந்த இத்தாலியனில், நான் கேட்டது பிழை, அதை மறந்துவிடுங்கள் என்றேன். அவர் உடனே தலையாட்டினார். "சரி. ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு. முடிந்தது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவ்வளவு சுலபமாகத் திருத்தலாம் என்று ஒரு கணம் நம்பினேன்.

"இல்லை," என்றாள் மகள். "ஞாயிற்றுக்கிழமை யாராவது விழுந்தால் நீங்கள் முதலில் மேடையில் இவரைத்தான் பார்ப்பீர்கள்." ஹெட்செட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். குறிப்புக் கோப்பைக் கொடுக்கவில்லை. "இது நான் எழுதினது. இது என்னுடையது."

ஒரு மாதம் வீட்டில் என்னோடு நேரே கதைக்கவில்லை. நான் அதே மேசையில் இருக்க, "அம்மா, அப்பாட்டைச் சொல்லுங்கோ, பெர்மெஸோ விசா புதுப்பிக்கிற கடுதாசி வந்திருக்கு," என்பாள். மனைவி என் பக்கம் திரும்பி, "கேட்டதுதானே? நான் என்ன, தபால்காரியே?" என்பாள். விசயம் தெரிந்த அன்று மனைவி என்னைத் திட்டவில்லை. "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். அது திட்டைவிட நீண்ட நாள் காதில் கிடந்தது.

சிசிலியின் மறுகரையில், கத்தானியாவில், ஓர் அணிக்குத் தடுப்பாட்டப் பயிற்றுநர் தேவைப்பட்டது. ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இவள்தான் மாட்டேன் என்றிருக்கிறாள். ஆள் குறைந்த அணி, பாதிப் பேர் முன்னாலும் பின்னாலும் இரண்டு ஆட்டமும் ஆட வேண்டும். இப்போது அங்கே இரண்டு நர்ஸ்மாரோடு ஓர் அறையில் இருக்கிறாள். அரை நாள் வேலை ஒரு ஜிம்மில். சான்றிதழ் வகுப்பிலும் திரும்பப் பதிந்துவிட்டாள். போகிற அன்று பஸ் நிலையத்தில், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, ஒரு நம்பரை என் போனில் தானே பதிந்தாள்.

"இது அங்கத்தைத் தலைமைக் கோச்சின்ரை. எனக்கு ஏதும் நடந்தா மட்டும் எடுங்கோ. எனக்கு. என்ரை பொடியளுக்கு இல்லை. விளங்குதோ?"

"ஓம்."

"ஓம் எண்டா?"

"ஓம் பிள்ளை, விளங்குது."

அவள் ஏன் அந்த நம்பரைத் தந்தாள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். தராமல் விட்டிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆட்டம். யாரோ ஒருவர் மேடையில் இருந்து போனில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். படம் ஆடிக்கொண்டே இருந்தது. மகளைக் கோட்டோரத்தில் ஒரு சிறிய கறுப்புப் புள்ளியாகக் கண்டேன். கை நெஞ்சில் குறுக்கே போய் வந்தது. அந்தச் சைகையை அவள் விடவில்லை. அடுத்த செக்கன் ஒரு குவியல். குவியல் கலைந்தபோது அவளுடைய அணியின் நிறச் சட்டை போட்ட ஒருவன் கிடந்தான். படம் நின்றுபோனது.

மூன்றரை மணி. அவளுக்குப் போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. நாலு மணிக்கும் எடுக்கவில்லை. பல்கனிக்குப் போனேன், உள்ளே வந்தேன். மனைவி சிஞ்ஞோராவின் திரைச்சீலைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உந்தக் கோச்சின்ரை நம்பரைப் பாத்துப் பாத்து போன் தேயப் போகுது."

"நான் எடுக்கேல்லை."

"தெரியும். எடுத்துப் பாருங்கோவன், பிறகு நான் கத்தானியாவுக்குப் போறன் அவளோடை இருக்க. நீங்கள் இஞ்சை சமைச்சுத் தின்னுங்கோ."

"விழுந்தது அவன். அவளில்லை," என்றேன்.

"ஓம். அதைத்தானே அவளும் சொன்னவள்."

ஐந்தரைக்கு மகள் எடுத்தாள். குரல் அடைத்திருந்தது. பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"பாத்தியளோ?"

"பாதியிலை நிண்டிட்டுது."

"தோள் மூட்டு கழண்டிட்டுது அவனுக்கு. திருப்பிப் போட்டிட்டினம். தகப்பன் வரும்வரைக்கும் நான் இருக்கிறன்."

தனியாகவா இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அங்கத்தைக் கோச் எங்கே, உன்னை யாராவது ஏதும் சொன்னார்களா, தகப்பன் எப்படிப்பட்ட ஆள், நான் இப்ப பஸ் எடுத்தால் எட்டரைக்கு வந்துவிடுவேன். இப்படி வரிசையாக எத்தனையோ கேள்விகள். அவளும் அவற்றுக்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். 

"ஏன் அந்த நேரத்திலை அவனைப் பாய விட்டனி?" என்று கேட்டேன்.

"அப்பா—"

"குறை சொல்லேல்லை. எனக்குத் தெரியாது. சொல்லு."

அவள் கதவொன்றைத் திறந்து வெளியே வருகிற சத்தம் கேட்டது. பிறகு சொல்லத் தொடங்கினாள். முதலில் சந்தேகத்தோடு, சின்னச் சின்ன வசனமாக. மூன்றாவது தடவை, எதிரணிக்கு எட்டு யார் தேவை, அவர்களுடைய இடது பக்கத்துக் காவலன் களைத்துவிட்டான், நாலு ஆட்டமாக அவள் அதைப் பார்த்து வைத்திருந்தாள். நான் மின்சாரக் கட்டணக் கடிதத்தின் பின்பக்கத்தில் புள்ளிகள் போட்டேன். முன்னுக்கு நாலு. அதற்குப் பின்னால் மூன்று. மனைவி தையலை மடியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"எட்டாவது ஆள் எங்கை நிக்கிறான்?" என்று கேட்டேன்.

சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.